கழுத்து நோவும் கைரோபிராக்டிக் சிகிச்சையும்

எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்பது நம்மவர் முதுமொழி. அச்சிரசைப் பகலெல்லாம் ஓய்வின்றித் தாங்கி நிற்கும் கழுத்தைப்பற்றி நினைப்பாரோ மிகச் சிலர். புத்தகத்தின்மேலும் கைப்பேசியின்மேலும் தலைகவிழ்ந்திருக்கும் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் கழுத்து நோவு அந்நியமானதன்று. ஆதலின், அந்நோவு எங்ஙனம் உண்டாகின்றது என்பதையும், கையாலேயே பரிகாரம் செய்வதாகிய கைரோபிராக்டிக் சிகிச்சை எத்தன்மையது என்பதையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. ஒட்டைச்சிவிங்கியின் நெடுங்கழுத்திலும் இவ்வெலும்புகள் ஏழே என்பது வியப்பிற்குரியது. தலையைத் தாங்கும் முதலெலும்பிற்கு, வானத்தைச் சுமந்து நின்றதாகக் கிரேக்கர் கதை கூறும் அட்லஸ் என்பவனது பெயரை உடற்கூற்று நூலார் இட்டனர். அதற்கும் இரண்டாம் எலும்பிற்கும் இடையேயுள்ள மூட்டினால், தலையை இருபுறமும் திருப்பும் அசைவில் ஏறக்குறையப் பாதி நிகழ்கின்றது. அதன் கீழேயுள்ள எலும்புகளின் இடையே மெத்தை போன்ற தட்டுகள் உள. எலும்புகளின் நடுவே தண்டுவடம் இறங்குகின்றது. அதனின்று எட்டு இணை நரம்புகள் பிரிந்து கழுத்திற்கும் தோளுக்கும் கைக்கும் செல்கின்றன. மூளையின் பின்பகுதிக்கு இரத்தங் கொண்டுசெல்லும் இரண்டு குழாய்கள் இவ்வெலும்புகளின் பக்கத் தொளைகள் வழியே மேலேறுகின்றன. இவ்விரு குழாய்களையும் வாசகர் மனத்திற் கொள்வாராக. பின்னர் இவற்றைப்பற்றிக் கூறவேண்டுவது உண்டு.

நோவின் காரணங்கள் பலவாயினும், பெரும்பாலும் அது தசைகளையும் மூட்டுகளையும் பற்றியதே. வளர்ந்தவரின் தலை சற்றேறக்குறைய 5 கிலோ எடையுள்ளது. நிமிர்ந்திருக்கும்போது அப்பாரம் எலும்புகளின்மேல் நேரே இறங்குகின்றது. குனியும்போதோ, தலை முன்னே சாயாதபடி பின்கழுத்துத் தசைகள் அதனை இழுத்துப் பிடிக்க வேண்டியதாகின்றது. நீர் நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்திருப்பதற்கும் கைநீட்டித் தூக்கி நிற்பதற்கும் உள்ள வேற்றுமையே இது. தலையை 60 பாகை குனிந்தால் கழுத்தின்மேல் விழும் விசை ஏறக்குறைய 27 கிலோ எடைக்கு ஒப்பாகும் என்று அமெரிக்க வைத்தியர் ஒருவர் 2014-ஆம் ஆண்டிற் கணக்கிட்டுக் காட்டினார். எனினும், குனிதல் தானே குற்றமன்று. ஒரே நிலையில் அசையாது மணிக்கணக்காக இருத்தலே தசைகளை வருத்துவது.

உயரமான தலையணை, மனக்கவலையால் தசைகள் இறுகுதல், வாகனம் பின்புறம் மோதப்படும்போது தலை வீசியெறியப்படுதல் ஆகியனவும் காரணங்களாம். தட்டுப் பிதுங்கி நரம்பை அழுத்துமாயின், நோவு கைவரையிற் பரவி விரல்கள் மரத்துப்போகும். முதுமையில் எலும்புகளும் தட்டுகளும் தேய்தல் இயல்பு. ஆனால், நோவே இல்லாதவர்களின் எக்ஸ்ரே படத்திலும் இத்தேய்வு காணப்படுதலின், படத்தைக் கண்ட மாத்திரத்தில் அஞ்சவேண்டுவதில்லை.

இனிச் சிகிச்சையைப்பற்றிக் காண்போம். கைரோபிராக்டிக் என்பது கை, செய்கை எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. இதனைத் தோற்றுவித்தவர் 1845-இல் கனடாவிற் பிறந்த டேனியல் டேவிட் பால்மர். 1895-ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாகாணத்து டாவன்போர்ட் நகரில், காது மந்தமான ஹார்வி லில்லார்ட் என்பவரின் முதுகெலும்பை அழுத்திக் கேள்வியை மீட்டதாக அவர் கூறினார். விலகிய எலும்பு நரம்பை அழுத்துதலே ஏறக்குறைய எல்லா வியாதிகட்கும் மூலம் என்பது அவர் கொள்கை. உரிமமின்றி வைத்தியஞ் செய்ததாக 1906-இல் அவர் சிறையும் புகுந்தார். 1913-இல் கான்சாஸ் மாகாணம் இத்தொழிலுக்குச் சட்டம் இயற்றியது. லூயிசியானா 1974-இல் இறுதியாக அதனை ஏற்றது. எல்லா வியாதிக்கும் ஒரே மூலம் என்ற கொள்கையை இன்றைய விஞ்ஞானம் ஒப்பவில்லை. ஆயினும், முதுகு நோவிற்கும் கழுத்து நோவிற்கும் இச்சிகிச்சை ஓரளவு பயன் தருதலை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

பயின்ற சிகிச்சையாளர், நோயாளியின் வரலாற்றைக் கேட்டு, கழுத்தின் அசைவையும் கைகளின் வலிமையையும் சோதித்தபின், மூட்டின்மேல் கைவைத்துச் சிறிய அளவில் விரைவாக ஒருமுறை அழுத்துவர். அப்போது ‘படக்’கென்று எழும் ஒலி, எலும்பு தன் இடம் சேர்ந்ததன் அறிகுறியன்று. விரலை நெட்டி முறிக்கையில் மூட்டு நீரினுள் வாயுக்குழி ஒன்று தோன்றுதலை 2015-இல் கனடா தேசத்து ஆராய்ச்சியாளர் படம் பிடித்துக் காட்டினர். கழுத்தின் ஒலியும் அவ்வினத்ததே.

2012-இல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், கழுத்து நோவுடைய 272 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு சாரார்க்கு இச்சிகிச்சையும், ஒரு சாரார்க்கு மருந்தும், ஒரு சாரார்க்கு வீட்டிலேயே செய்யும் தேகப்பயிற்சியும் அளித்தனர். மருந்தினும் கைச்சிகிச்சை மேலாயிற்று. ஆனால், அதற்கும் வீட்டுப் பயிற்சிக்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. பொருட்செலவின்றி நம் கையகத்தேயுள்ள பரிகாரம் அத்துணைப் பயனுடையது என்பது இதனாற் பெறப்படும்.

நிற்க. முன்னர்க் கூறிய இரத்தக் குழாய்களை ஈண்டு நினைவுகூர்க. கழுத்தை வேகமாகத் திருப்பியபின் அக்குழாயின் உட்சுவர் கிழிந்து, மூளைக்கு இரத்தந் தடைப்பட்டுப் பக்கவாதம் நேர்ந்ததாகச் செய்திகள் உள. இஃது அரிது. ஏற்கெனவே குழாய் கிழியத் தொடங்கியவரே அந்நோவிற்காகச் சிகிச்சையை நாடியிருத்தலுங் கூடும் என்று 2008-இல் கனடா ஆராய்ச்சியொன்று உணர்த்திற்று. எனினும், இவ்வபாயத்தை நோயாளிக்கு முன்னரே அறிவித்தல் வேண்டும் என்று 2014-இல் அமெரிக்க இருதய சங்கம் அறிவுறுத்தியது. நம் நாட்டிலோ, முடிதிருத்தும் நிலையங்களில் வேலை முடிந்ததும் தலையைப் பற்றி இருபுறமும் சொடுக்கும் வழக்கம் இன்னும் உளது. யாதொரு சோதனையுமின்றிச் செய்யப்படும் இதனை மரியாதையாக மறுத்துவிடுதலே அறிவுடைமை.

முன்னொருபோதும் இல்லாத கடுநோவு திடீரெனத் தோன்றுதல், தலைச்சுற்றல், பார்வை இரண்டாகத் தெரிதல், பேச்சுக் குழறுதல், கைகால் வலுவிழத்தல், சுரத்தோடு கழுத்து விறைத்தல், விழுந்தபின் எழும் நோவு ஆகிய இவற்றுள் ஒன்றேனும் காணின், எவரையும் கழுத்தைத் தொடவிடாது உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லல் வேண்டும்.

ஏனைய நோவு பெரும்பாலும் சில வாரங்களிற் குறையும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து உலாவுக. புத்தகத்தைக் கண்மட்டத்திற்கு உயர்த்துக. கழுத்தை நாடோறும் மெல்ல எல்லாப் பக்கமும் அசைத்துப் பழகுக. பிறர் கையை நாடுமுன் தன் பழக்கத்தைத் திருத்துதல் நன்று. நாடுங்கால், அக்கை பயின்ற கையோ என வினவித் தெளிதல் அதனினும் நன்று.