ஓட்டைப் பானையும் ஒரு சிட்டிகை உப்பும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., விலங்கியல்)

‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்பது நம் முன்னோர் வாக்கு. சோற்றுக்கும் குழம்புக்கும் உப்பு ருசி தரும் என்பதை அறியாதவர் எவரும் இல்லை. ஆனால் அதே உப்பு, அளவான சர்க்கரையோடும் தண்ணீரோடும் சேர்ந்தால் ஒரு குழந்தையின் உயிரையே காக்கும் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? விலங்கியல் படிக்கும் மாணவனாகிய நானே சென்ற கோடை விடுமுறையில்தான் இதைச் சரியாக அறிந்துகொண்டேன்.

விடுமுறைக்கு என் அக்கா தம் ஒன்றரை வயது மகனுடன் எங்கள் வீட்டிற்கு வந்திருந்தார். வந்த இரண்டாம் நாளே குழந்தைக்குப் பேதி கண்டது. மதியத்திற்குள் ஆறு முறை நீராகப் போய்விட்டது. குழந்தை தண்ணீருக்குக் கை நீட்டியது. அக்கா டம்ளரை எடுத்தார். அப்பத்தா அந்தக் கையைத் தடுத்துவிட்டார்.

“ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துனா நிக்குமா தாயி? வயிறு காயட்டும். தன்னால நின்னுரும்” என்றார்.

அப்பத்தா பிள்ளையின் மீது உயிரையே வைத்திருப்பவர். அவர் சொன்னது கேட்பதற்கும் நியாயமாகவே இருந்தது. உள்ளே போவதை நிறுத்தினால் வெளியே போவதும் நின்றுவிடும் அல்லவா? நம் கிராமங்களில் இன்றும் பலர் இவ்வாறே எண்ணுகின்றனர். இந்த எண்ணத்தில் எங்கே பிழை இருக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உடல் வறள்வது எப்படி?

பிறந்த குழந்தையின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீரே. வளர்ந்த மனிதர் உடலில் அது நூற்றுக்கு அறுபது பங்கு. வளர்ந்தவர்களின் குடலுக்குள் நாள்தோறும் எட்டு அல்லது ஒன்பது லிட்டர் திரவம் வந்து சேருகிறது. இதில் நாம் குடிப்பது சிறு பகுதிதான். உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர் என உடலே சுரப்பதுதான் பெரும்பகுதி. ஆரோக்கியமான குடல் இதில் ஏறக்குறைய முழுவதையும் மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது.

கிருமிகள் குடலைத் தாக்கும்போது இந்த வரவு செலவுக் கணக்கு தலைகீழாகிறது. உறிஞ்சுவது குறைகிறது, சுரப்பது மிகுகிறது. நாம் ஒரு சொட்டு நீரும் கொடுக்காவிட்டாலும் குடல் தன்பாட்டில் உடலின் நீரை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. ‘வயிறு காயட்டும்’ என்று நாம் காத்திருக்கிறோம். உண்மையில் காய்வது வயிறு அன்று, இரத்தம்.

பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை ஒரு லிட்டர் நீரை இழந்தால் அது ஆபத்தான நிலை. கண்கள் குழி விழுகின்றன. அழுதால் கண்ணீர் வருவதில்லை. கைக்குழந்தையின் உச்சிக்குழி உள்வாங்குகிறது. இதைக் கண்டதும் ‘உச்சி விழுந்துவிட்டது’, ‘குடலேற்றம்’, ‘தோஷம்’ என்று சொல்லித் தட்டுவதும் தடவுவதும் தொக்கம் எடுப்பதும் நம் ஊர்களில் நடக்கின்றன. உச்சிக்குழி விழுவது தனி நோய் அன்று. தண்ணீர் வற்றிவிட்டது என்று உடல் காட்டும் அடையாளம் அது. பெரும்பாலான வயிற்றுப்போக்குகள் சில நாட்களில் தாமாகவே நின்றுவிடக் கூடியவை. அதற்குள் குழந்தை வறண்டுபோகாமல் பார்த்துக்கொள்வதே நம் வேலை.

குடலில் ஒரு கூட்டாளி வாயில்

அப்படியானால் வெறும் தண்ணீரைக் கொடுத்தால் போதாதா? போதாது. பேதியோடு சோடியம், பொட்டாசியம் முதலிய உப்புகளும் போய்விடுகின்றன. வெறும் நீரை மட்டும் ஊற்றினால் இரத்தத்தில் உப்பின் அளவு மேலும் குறைந்துவிடும்.

உப்பு நீர் கொடுத்தால்? அதுவும் தனியாகப் பயன்படாது. இங்கேதான் இயற்கையின் விந்தையைக் காண்கிறோம். சிறுகுடலின் உட்சுவரில் சோடியமும் குளுக்கோஸும் ஒன்றாகச் சேர்ந்தால் மட்டுமே திறக்கும் ஒரு வாயில் உண்டு. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறும் இரண்டு சோடியம் அயனிகளும் சேர்ந்தே அதன் வழியே உள்ளே நுழைகின்றன. அவற்றின் பின்னால் தண்ணீரும் செல்கிறது. குளுக்கோஸும் சோடியமும் இவ்வாறு கூட்டாகப் பயணம் செய்கின்றன என்ற கருத்தை 1960ஆம் ஆண்டு பிராக் நகரில் நடந்த கருத்தரங்கில் ராபர்ட் கிரேன் என்ற அறிஞர் வெளியிட்டார். காலரா போன்ற கொடிய பேதியிலும் இந்த வாயில் பழுதடைவதில்லை. பானையில் ஓட்டை விழுந்தாலும் அதன் வாய் அடைபட்டுவிடவில்லை. ஓட்டை தானே மூடும்வரை வாய்வழியே நிரப்பிக்கொண்டே இருக்கலாம்.

இனிப்புக் கூடினால் நல்லதுதானே என்று எண்ணலாகாது. மேல்நிலைப் பள்ளியில் உருளைக்கிழங்கைக் குடைந்து, சர்க்கரைக் கரைசல் ஊற்றி, நாம் செய்த சவ்வூடு பரவல் சோதனையை நினைவிற்குக் கொண்டுவாருங்கள். செறிவு மிகுந்த பக்கம் நோக்கியே நீர் செல்லும். குடலுக்குள் சர்க்கரை மிகுந்தால் அது உடலிலிருந்து நீரை இழுத்துப் பேதியை அதிகமாக்கும். கடைகளில் விற்கும் குளிர்பானங்களையும் இனிப்பு மிகுந்த பழரசங்களையும் பேதி கண்ட குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்பதன் காரணம் இதுவே.

அகதி முகாமில் பிறந்த அனுபவம்

ஆய்வுக்கூடத்து உண்மை ஏழைகளின் கைக்கு எட்டியது ஒரு துயரமான காலத்தில். 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்திற்குள் வந்தனர். எல்லையிலுள்ள போங்காவ் என்னும் ஊரில் காலரா பரவியது. நரம்பு வழியே ஏற்றும் சலைன் போதவில்லை. ஏற்றுவதற்குப் பயிற்சி பெற்றவர்களும் போதவில்லை. அங்கே பணிபுரிந்த குழந்தை மருத்துவர் திலீப் மகாலனோபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற அளவில் பொட்டலம் கட்டச் செய்து, நீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துப் புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், அவருடைய கண்காணிப்பில் இருந்தவர்களிடையே இறப்பு நூற்றுக்கு நான்கிற்கும் கீழே இறங்கியது. அங்கே புகட்டியவர்கள் தாய்மாரும் தமக்கையரும். அவர் 2022இல் காலமானார். 2023இல் பத்ம விபூஷண் விருது அவருக்கு மறைவுக்குப்பின் அறிவிக்கப்பட்டது.

1980 முதல் பத்தாண்டுகள் வங்கதேசத்தில் பிராக் என்னும் தொண்டு நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு நேரில் சென்று, உப்பும் வெல்லமும் கரைக்கும் முறையைத் தாய்மாருக்குக் கற்பித்தனர். தாய்மார் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதைச் சோதித்தே ஊழியருக்கு ஊதியம் நிர்ணயிக்கப்பட்டது. நம் கல்லூரியிலும் இவ்வாறு ஒரு முறை இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கிறேன்!

தயாரிக்கும் முறை

இன்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் உப்பு சர்க்கரைப் பொடியின் அளவு 2002இல் திருத்தப்பட்டது. ஒரு லிட்டர் பொட்டலத்தில் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரை சோடியம் சிட்ரேட் 2.9 கிராம், ஆக மொத்தம் 20.5 கிராம் இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிராம சுகாதார செவிலியரிடமும் இது இலவசமாகக் கிடைக்கும். வீட்டில் எப்போதும் இரண்டு பொட்டலம் இருப்பது நலம்.

கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைப் பொட்டலத்தில் எழுதியுள்ள அளவுக்கு அளந்து, பொடி முழுவதையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். ஒரு லிட்டர் பொட்டலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் போட்டுக் கரைப்பது பலர் செய்யும் தவறு. கரைத்ததை 24 மணி நேரத்திற்குமேல் வைத்திருக்கக் கூடாது. பெயர் ஒன்றுபோல் இருப்பதை நம்பி இனிப்புப் பானத்தை வாங்கிவிடாமல், மேற்சொன்ன சேர்க்கை அச்சிடப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

பொட்டலம் கிடைக்கும்வரை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஒரு லிட்டர் நீருக்குத் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. இதற்குமேல் உப்பு கூடவே கூடாது, அது ஆபத்து. கண்ணீரைவிட அதிகம் கரித்தால் கொட்டிவிட்டு வேறு கரைக்க வேண்டும்.

ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் நல்லது. அரிசி மாவுச்சத்து குடலில் மெல்ல மெல்லக் குளுக்கோஸாக மாறுவதால், அந்தக் கூட்டாளி வாயில் அதற்கும் திறக்கிறது. இளநீர் கொடுக்கலாம், ஆனால் அதில் சோடியம் குறைவு. ஆகவே அது உப்பு சர்க்கரை நீருக்கு ஈடாகாது.

கொடுக்கும் முறை

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை நீராகப் போனபின்பும் 50 முதல் 100 மில்லி, இரண்டு வயதுக்கு மேல் 100 முதல் 200 மில்லி கொடுக்க வேண்டும். சிறு குழந்தைக்கு ஓரிரு நிமிடத்திற்கு ஒரு தேக்கரண்டியாகப் புகட்டலாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, முன்னைவிட மெதுவாகத் தொடர வேண்டும். தாய்ப்பாலை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது. பழகிய உணவையும் கொடுத்துவர வேண்டும். இதனுடன் துத்தநாக மாத்திரையை 14 நாட்கள் கொடுப்பர். இரண்டு முதல் ஆறு மாதம்வரை நாளுக்கு 10 மில்லிகிராம், ஆறு மாதத்திற்குமேல் 20 மில்லிகிராம். பேதி நின்றுவிட்டாலும் 14 நாட்களும் தர வேண்டும்.

ஒன்றை நன்கு நினைவில் கொள்ள வேண்டும். இந்த நீர் பேதியை உடனே நிறுத்தாது. ‘கொடுத்தும் நிற்கவில்லையே’ என்று பலர் மறுநாளே கைவிட்டுவிடுகின்றனர். இது பானையை நிரப்பும் மருந்தே தவிர, ஓட்டையை அடைக்கும் மருந்து அன்று. பேதியை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிக் குழந்தைக்குக் கொடுப்பது தீங்காக முடியும்.

வீட்டு வைத்தியத்திற்கு எல்லை உண்டு. மலத்தில் இரத்தம் வந்தாலோ, குழந்தை சோர்ந்து கண் திறக்க மறுத்தாலோ, குடிக்க முடியாமலோ குடித்ததை எல்லாம் வாந்தி எடுத்தாலோ, கண் குழி விழுந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாவிட்டாலோ, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகவே படிந்தாலோ, கடும் காய்ச்சலோ வலிப்போ கண்டாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இரண்டு மாதத்திற்கு உட்பட்ட குழந்தையானால் காத்திருக்கவே கூடாது. போகும் வழியிலும் குடிக்க முடிந்தவரை கரைசலைப் புகட்டிக்கொண்டே செல்ல வேண்டும்.

அப்பத்தா கேட்ட கேள்வி

எங்கள் வீட்டில் அன்று என்ன நடந்தது என்பதைச் சொல்லி முடிக்கிறேன். செவிலியர் அம்மாவிடம் ஓடிப் பொட்டலமும் மாத்திரையும் வாங்கி வந்தேன். அவர் சொன்னபடியே கரைத்தோம். அப்பத்தாவை எதிர்த்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. “அப்பத்தா, நீ காய்ச்சிற உப்புக் கஞ்சி மாதிரிதான் இதுவும்” என்று மட்டும் சொன்னேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், பிறகு தாமே கரண்டியை வாங்கிக்கொண்டார். அன்று இரவு முழுவதும் புகட்டியவர் அவர்தான். நான்காம் நாள் குழந்தை திண்ணையில் விளையாடியது.

அன்று மாலை அப்பத்தா என்னை அழைத்து ஒரு கேள்வி கேட்டார். அவருடைய தலைப்பிள்ளை பேதியில் இறந்தது எங்கள் வீட்டில் எல்லோரும் அறிந்த செய்தி. எம்.ஜி.ஆர். கட்சி ஆரம்பித்த வருஷம் என்று சொல்வார், அதாவது 1972. “ரெண்டு நாளும் தண்ணி தண்ணின்னுதான்யா கேட்டா. பெரியவுக சொன்னாகன்னு நான் குடுக்கல. குடுத்திருந்தா இருந்திருப்பாளா?” என்றார்.

என் பாடப்புத்தகத்தில் இதற்கு விடை இல்லை. போங்காவ் முகாமின் கதையை அவருக்குச் சொன்னேன். அந்த அறிவு ஒரு முகாமில் மெய்ப்பிக்கப்பட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது, நம் ஊர்வரை அது வந்து சேரவில்லை, அது உன் குற்றம் அன்று என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேரனைத் தூக்கிக்கொண்டார்.

அன்று அறியாதவர் மீது குற்றம் இல்லை. ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு குழந்தை ஒரு டம்ளர் நீருக்காக ஏங்கி வறண்டுபோனால், அது படித்தும் வாய் திறவாத நம் குற்றமே ஆகும். நண்பர்களே, நம்மில் பலர் நம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். இந்த விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது இரண்டு பொட்டலத்தை வாங்கிச் செல்வோம். கரைக்கும் முறையை வீட்டில் ஒருவருக்காவது செய்து காட்டுவோம்.