ஊர்வலத்தில் நடக்க மட்டுமா இளைஞர்கள்?

டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தினம். மாவட்டத் தலைநகரங்களில் கல்லூரி மாணவர்கள் தொப்பியும் சிவப்பு ரிப்பனும் அணிந்து, பதாகை பிடித்து நடப்பார்கள். அதிகாரி கொடியசைப்பார், உறுதிமொழி வாசிக்கப்படும், மறுநாள் நாளிதழில் படம் வரும். அந்தப் பிள்ளைகளின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. வெயிலில் நடக்கும் கால்களும் முழக்கமிடும் குரலும் மட்டும்தான் அவர்களிடமிருந்து நமக்கு வேண்டுமா என்பதே என் கேள்வி.

இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதையே முதலில் கண்டறிந்து சொன்னவர்களில் ஒருவர் ஒரு மாணவிதான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதுகலை படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்த மாதிரிகள் சேகரித்தார். அந்த நோய் மேலை நாடுகளின் விவகாரம், நம் மண்ணுக்கு வராது என்று படித்தவர்களே நம்பிய காலம் அது. மாதிரிகளை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. சுகாதார அமைச்சர் ஹண்டே அதைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஒரு மாணவியின் ஆய்வேட்டுப் பணி நாட்டின் சுகாதாரக் கொள்கையையே அசைத்தது.

அதன்பின் தமிழ்நாடு சும்மா இருக்கவில்லை. 1994-ல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவானது. கல்லூரிகளில் செஞ்சுருள் சங்கங்கள் வந்தன. இன்று நாற்பதைத் தாண்டியவர்களைக் கேட்டால், சுவரிலும் பேருந்திலும் பார்த்த ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற கேள்வியை உடனே சொல்வார்கள். யார் இந்தப் புள்ளிராஜா என்று டீக்கடையில் பேச வைத்ததே அந்த விளம்பரத்தின் வெற்றி. மண்டையோட்டுப் படம் போட்டு மிரட்டிய பழைய சுவரொட்டிகள், நோயாளியை ஊரைவிட்டு ஒதுக்கத்தான் அதிகம் உதவின. 2006-ல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு, தமிழ்நாடு உள்ளிட்ட தென் மாநிலங்களில் மகப்பேற்றுப் பரிசோதனைக்கு வந்த 15 முதல் 24 வயதுப் பெண்களிடையே எச்.ஐ.வி. தொற்று 2000-ல் 1.7 சதவீதமாக இருந்து 2004-ல் 1.1 சதவீதமாகக் குறைந்ததைக் காட்டியது. இளம் வயதினரிடம் குறைகிறது என்றால் புதிய தொற்று குறைகிறது என்று பொருள்.

ஆனால் அறிவு அந்த வேகத்தில் பரவவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களில் எச்.ஐ.வி. பற்றி முழுமையான அறிவு உள்ளவர்கள் பெண்களில் 21.6 சதவீதம், ஆண்களில் 30.7 சதவீதம். இந்த முழுமையான அறிவு பெரிய பாடமல்ல. ஆணுறையும் ஒருவரோடு மட்டுமான உறவும் ஆபத்தைக் குறைக்கும், பார்வைக்கு நலமாக இருப்பவருக்கும் தொற்று இருக்கலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். கொசு கடித்தால் வரும், சேர்ந்து சாப்பிட்டால் வரும் என்பது போன்ற தவறான நம்பிக்கைகளை மறுக்கத் தெரிய வேண்டும். அவ்வளவுதான். இத்தனை ஆண்டு ஊர்வலங்களுக்குப் பிறகும் நாட்டில் ஐந்தில் ஒரு பெண்ணுக்குத்தான் இது தெரிந்திருக்கிறது.

சரி, இளைஞர் சொன்னால் இளைஞர் கேட்பாரா? 2005-ல் அமெரிக்க உளவியலாளர்கள் கார்ட்னரும் ஸ்டைன்பெர்க்கும் காரோட்டும் கணினி விளையாட்டு ஒன்றை வைத்து நண்பர்களின் தாக்கத்தைச் சோதித்தார்கள். மஞ்சள் விளக்கு எரிகிறது. எப்போது சிவப்பாக மாறும் என்று தெரியாது. நிறுத்துவதா, இன்னும் கொஞ்சம் ஓட்டுவதா? தனியாக ஆடியபோது 13 முதல் 16 வயதினர் பெரியவர்களைவிடப் பெரிதாகத் துணியவில்லை. நண்பர்கள் பக்கத்தில் நின்றதும் அவர்களுடைய துணிச்சல் எகிறியது. 24 வயதைத் தாண்டியவர்களிடம் நண்பர்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேறுபாடு இல்லை. பின்னர் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, நண்பர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலே வளரிளம் பருவத்தினரின் மூளையில் வெகுமதியை உணரும் பகுதிகள் கூடுதலாகத் துடிப்பது தெரிந்தது.

பெற்றோர் இதைப் படித்ததும் ‘கூடாத சேர்க்கை’ என்ற முடிவுக்கு வருவார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. நண்பர்களின் பார்வைக்கு இத்தனை வலு இருக்கிறதென்றால், நல்லதை நோக்கித் திருப்பவும் அந்த வலு பயன்பட வேண்டும்.

அப்படித் திருப்பிப் பார்த்த முயற்சிகள் உண்டு. அமெரிக்காவின் தென் மாநிலச் சிறு நகரம் ஒன்றில், ஓரினச் சேர்க்கையாளர்கள் கூடும் மதுக்கூடங்களில், எல்லோரும் விரும்பும் ஆட்கள் யார் என்று அங்கே வேலை செய்பவர்களிடமே உளவியலாளர் ஜெஃப்ரி கெல்லி கேட்டறிந்தார். அந்த ஆட்களுக்குப் பயிற்சி தந்து, நண்பர்களிடம் இயல்பான பேச்சினூடே பாதுகாப்பைப் பற்றிச் சொல்ல வைத்தார். 1991-ல் வெளியான முடிவின்படி, பாதுகாப்பற்ற உடலுறவு கொண்டவர்களின் அளவு 36.9 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாகக் குறைந்தது. மேடைப் பேச்சு இல்லை. துண்டறிக்கைக் குவியலும் இல்லை. மதிக்கப்படும் நண்பரின் வாய்ச்சொல்தான் வேலை செய்தது.

இதே முறையை ஐந்து நாடுகளில் சோதித்தார்கள். இந்தியாவில் தேர்வான ஊர் சென்னை. ஒயின் ஷாப்புகளுக்கு வருபவர்களையும் அவற்றை ஒட்டிய குடிசைப் பகுதி மக்களையும் சேர்த்து நடந்த அந்தச் சோதனையின் முடிவு 2010-ல் வந்தது. நண்பர்கள் வழியே செய்தி பரப்பிய பகுதிகளுக்கும் பரப்பாத பகுதிகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை! ஏமாற்றமான முடிவுதான். ஆனால் உற்றுப் பார்த்தால் ஒன்று புலப்படும். இரு வகைப் பகுதிகளிலும் பரிசோதனை, ஆலோசனை, சிகிச்சை, ஆணுறை எல்லாம் எளிதாகக் கிடைக்கச் செய்திருந்தார்கள். இரண்டிலுமே ஆபத்தான நடத்தை குறைந்திருந்தது. கதவு திறந்திருக்கும் இடத்தில் கதவு இருக்கிறது என்று சொல்லும் குரலால் கூடுதலாகச் செய்ய முடிந்தது குறைவு. நம் நாட்டின் பெரும்பகுதியில் நிலைமை நேர்மாறானது. குரல் கொடுக்கிறோம், கதவு பூட்டியிருக்கிறது.

இங்கிலாந்தில் 27 பள்ளிகளில் நடந்த ஆய்வு ஒன்றும் நிதானம் கற்பிக்கிறது. 16, 17 வயது மாணவர்கள் 13, 14 வயதினருக்கு மூன்று பாலியல் கல்வி வகுப்புகள் எடுத்தார்கள். ஆசிரியர் எடுத்த வகுப்பைவிட இதைப் பிள்ளைகள் விரும்பினார்கள். 16 வயதுக்குள் உடலுறவு கொண்டதாகச் சொன்ன பெண்கள், ஆசிரியர் வகுப்பில் 40.8 சதவீதம், சக மாணவர் வகுப்பில் 34.7 சதவீதம். பேசினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று அஞ்சுபவர்கள் இந்த எண்களைக் கவனிக்க வேண்டும். அதே ஆய்வில் பையன்களிடம் அப்படி வேறுபாடு தெரியவில்லை. 20 வயதுவரை தொடர்ந்து பார்த்தபோது கருக்கலைப்பு விகிதத்திலும் வேறுபாடு இல்லை. மூன்று வகுப்புகளுக்கு அதற்கு மேல் வலு கிடையாது. ஆண்டுக்கு ஒரு நாள் ஊர்வலத்துக்கு எவ்வளவு இருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

இளைஞர்களிடம் நாம் கொடுத்தனுப்பும் செய்தியிலும் குறை இருக்கிறது. ‘அறிகுறி தெரிந்தால் மருத்துவரைப் பாருங்கள்’ என்கிறோம். கிளமிடியா என்ற பாக்டீரியா தொற்று பெரும்பாலான பெண்களுக்கு எந்த அறிகுறியும் காட்டாது. கவனிக்காமல் விட்டால் கருக்குழாய் வரை ஏறித் தழும்பேற்றி, பின்னாளில் குழந்தையின்மைக்குக் காரணமாகலாம். ஆரம்பத்திலேயே கண்டால் சாதாரண ஆன்டிபயாடிக் மாத்திரையில் தீர்ந்துவிடும். எச்.ஐ.வி. தொற்றிய மறுநாளே பரிசோதனையில் தெரிந்துவிடாது. விரல் நுனி ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் தேடும் ரேபிட் பரிசோதனையில் தெரிய 23 முதல் 90 நாள்வரை ஆகலாம். அவசரப்பட்டுச் சோதித்து, ‘இல்லை’ என்று வந்ததும் நிம்மதியடைபவரிடம், மறுபடி ஒருமுறை வா என்று சொல்ல ஒரு நண்பர் வேண்டும். எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியே தொற்று பரவாது. இந்த அறிவுக்கு அடித்தளமிட்ட 2011-ஆம் ஆண்டு பன்னாட்டு ஆய்வில் சென்னையும் ஒரு களம். அந்த மருந்து 2004 ஏப்ரல் முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. ஊர்வலப் பதாகைகளில் இதையெல்லாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்?

பூட்டிய கதவுக்கு வருவோம். 2014-ல் மத்திய அரசு தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம், கிராமந்தோறும் பயிற்சி பெற்ற சக வயதினரையும், வளரிளம் பருவத்தினருக்கென்றே தனி கிளினிக்குகளையும் வகுத்துத் தந்திருக்கிறது. காகிதத்தில் நல்ல திட்டம். ஆனால் 17 வயதுப் பெண் ஒருத்தி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் நுழையும்போது, ‘அம்மா வரலையா? கல்யாணம் ஆயிடுச்சா?’ என்ற கேள்விகள் வரவேற்றால் அவள் திரும்பி வரமாட்டாள். அதற்கு மேல் போக்சோ சட்டம். 18 வயதுக்குட்பட்டோரின் எந்தப் பாலுறவையும் குற்றமாகக் கொண்டு, அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. குழந்தைகளைக் காக்க வந்த அவசியமான சட்டம்தான். அதன் நிழல் கிளினிக் வாசலிலும் விழுகிறது. கருக்கலைப்பு நாடி வரும் சிறுமியின் பெயரையும் அடையாளத்தையும், அவளும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் தெரிவிக்க வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதை அறிந்திருக்க வேண்டியவர்கள் களத்தில் நிற்கும் இளைஞர்களும் செவிலியர்களும்தான்.

கல்லூரி முதல்வர்களுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த டிசம்பருக்குத் தொப்பி வாங்கும் முன், உங்கள் ஊரின் பத்துப் பிள்ளைகளை உட்கார வைத்து, எதைப் பேச வெட்கமாக இருக்கிறது, எந்த மருத்துவமனைக்குப் போகப் பயமாக இருக்கிறது என்று கேளுங்கள். மாணவர் சங்கத்தில் நன்றாக மேடையேறுபவரைத் தேடாதீர்கள். விடுதியில் எல்லோரும் தங்கள் சிக்கலைச் சொல்லப் போகும் ஆளைத் தேடுங்கள். ஆண்டு முழுவதும் பயிற்சி கொடுங்கள். திட்டம் போடும் கூட்டத்தில் அவர்களுக்கு நாற்காலி போடுங்கள். எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்கு அவர்களை முன்கூட்டியே அழைத்துப் போய், அங்குள்ள ஆலோசகரை அறிமுகம் செய்து வையுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையின் கைப்பேசியில் இன்றே சேமிக்க வேண்டிய எண் 1097. அது தேசிய எய்ட்ஸ் உதவி எண், கட்டணம் இல்லை.