இடிய இருந்த மில் ஊர் பிழைத்தது! பஞ்சாலைக்குள் ஓட்டல், லைன் வீடுகளில் குடித்தனம்

ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றங்கரையில் நியூ லானார்க் என்று ஓர் ஊர். மில்லுக்காகவே கட்டிய ஊர். டேவிட் டேல் என்ற வியாபாரி தொடங்கிய இந்தப் பஞ்சாலை 1786-ல் ஓடத் தொடங்கியது. எந்திரத்தைச் சுற்றியது ஆற்றுத் தண்ணீர்.

1800-ல் நிர்வாகத்துக்கு வந்தவர் டேலின் மாப்பிள்ளை ராபர்ட் ஓவன். 10 வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு மில்லில் வேலை இல்லை, பள்ளிக்கூடம்தான் என்றார். தொழிலாளிக்கு அடி, உதை கிடையாது. பதிலுக்கு ஒவ்வொருவர் பக்கத்திலும் நாலு வர்ண மரக்கட்டை தொங்கும். நல்லா வேலை செய்தால் வெள்ளை; மோசம் என்றால் கறுப்பு. எல்லாரும் பார்ப்பார்கள். (இதுக்கு அடியே தேவலாம் என்று சிலர் நினைத்திருக்கலாம்!)

காயலான் கடை

1968-ல் மில்லுக்குப் பூட்டு விழுந்தது. 1970-ல் பழைய உலோகக் கம்பெனி ஒன்று அதை வாங்க, ஆலை காயலான் கடை ஆனது. இடித்துத் தள்ளும் பேச்சும் வந்தது. தடுப்பதற்காக 1974-ல் அறக்கட்டளை அமைந்தது. ஆனாலும் 1983-ல் கட்டாயக் கையகச் சட்டத்தைக் காட்டித்தான் ஆலையை மீட்க முடிந்தது.

ஊரைக் காப்பாற்றியது வீடுகள்தான். மில் மூடும் முன்பே, 1963-ல், வீட்டுச் சங்கம் ஒன்று ரிப்பேர் வேலையை ஆரம்பித்துவிட்டது. குடும்பமே ஒரு அறையில் முடங்கிய லைன் வீடுகள் அவை. வெளிச்சுவரை அப்படியே விட்டு, உள்ளே அறைகளைச் சேர்த்துப் பெரிசாக்கினார்கள்.

முதல் ஆலை 1998-ல் ஓட்டல் ஆனது. 2001-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஊர் இடம்பெற்றது. ஆற்றுத் தண்ணீர் இன்று கரண்டு தருகிறது. வாடகைக்காரர்கள், சொந்த வீட்டுக்காரர்கள் இருவகையும் அங்கே குடியிருக்கிறார்கள்.