நெடுந்தூரக் குறியும் குண்டின் வீழ்ச்சியும்

தொலைவில் நிற்கும் மானைச் சுட முனையும் வேடன், மானின் உடலிற் குறிவைக்காது அதற்குச் சற்று மேலே குறிவைப்பது ஏன்? ஆனையிறவைக் கடந்து வன்னிக் காட்டுக்குப் போய்வந்த முதியோரின் வேட்டைக் கதைகளைக் கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்தவர் பலருக்கு இவ்வினா எழுந்திருக்கும். இலங்கையில் இன்று மான் வேட்டை குற்றமாகும். 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், பின்னர் அதற்குச் செய்யப்பட்ட திருத்தங்களும் அதனைத் தடுக்கின்றன. ஆகவே இப்பேச்சு வேட்டைக்கு வழிகாட்டுவதன்று. குறியை உயர்த்தும் அந்தப் பழைய வழக்கத்தின் காரணம் யாது, அது தவறினால் நேர்வது யாது என்பனவே இங்கு நாம் காண்பவை.

துவக்கின் குழலை விட்டு நீங்கிய அக்கணமே குண்டு கீழ்நோக்கி விழத் தொடங்குகிறது. காற்றின் தடையை ஒருபுறம் ஒதுக்கிவிட்டால், கிடையாகச் சுடப்பட்ட குண்டும், அதே உயரத்திலிருந்து அதே கணத்தில் நழுவவிட்ட பனங்காயும் சமதரையில் ஒரே நேரத்தில் நிலத்தைத் தொடும். குண்டு விரைவாகச் செல்வதால் விழாமல் இருப்பதில்லை. விழுவதற்குள் வெகுதூரம் போய்விடுகிறது, அவ்வளவே. எறிபொருளின் வளைந்த பாதையைக் கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் கணிதமுறையாக விளக்கினார். நம் வில்லாளருக்கு அது கணிதமின்றியே தெரிந்திருந்தது. வினாடிக்கு நூற்றைம்பது அடி செல்லும் அம்பு ஐம்பது யார் தூரத்தை அடைவதற்குள் ஏறக்குறைய பதினாறு அடி தாழ்ந்துவிடும். யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஓர் அம்பால் வீழ்த்தியதாகப் புறநானூறு போற்றும் வல்வில் ஓரியும் தன் அம்பை நேர்கோட்டிற் செலுத்தியிருக்க முடியாது.

கலிலியோவின் கணக்கிற் காற்றுக்கு இடமில்லை. அக்குறையைத் தீர்க்க வழிகாட்டியவர் ஆங்கிலக் கணித அறிஞர் பெஞ்சமின் றொபின்ஸ். விரைந்து செல்லும் குண்டுக்குக் காற்றுத் தரும் தடை, அக்காலத்தார் எண்ணியதிலும் மிகப் பெரிதென்று 1742இல் அவர் எழுதினார். கிழக்கிந்தியக் கம்பனியின் பொறியியலாளராகத் தமிழகம் வந்த அவர், 1751இல் கடலூரிலுள்ள புனித டேவிட் கோட்டையிலேயே காலமானார்.

பழைய '303' றைபிளை எடுத்துக்கொள்வோம். அதன் குண்டு குழல்வாயில் வினாடிக்கு ஏறத்தாழ 2,440 அடி வேகமுடையது. குழலின் நேர்கோட்டிலிருந்து அளந்தால், நூறு யாரில் அது சுமார் மூன்று அங்குலம் தாழ்கிறது. காற்றில்லாத வெளியில், இருநூறு யாரில் இது நான்கு மடங்காகவும், முந்நூறு யாரில் ஒன்பது மடங்காகவும் பெருகும். காற்றோ வேகத்தைக் குறைத்துவிடுவதால், உண்மையில் அது முறையே பதினான்கு அங்குலம், மூன்றடி என்னும் அளவுகளை நெருங்குகிறது.

இதனை ஈடுசெய்யவே, பார்வைக்கோட்டுக்குக் குழல் மிகச் சிறிதளவு மேல்நோக்கியிருக்கும்படி குறிகள் அமைக்கப்படுகின்றன. 'குண்டு முதலில் எழும்பிப் பின்பு விழும்' என்று சிலர் சொல்வது இதனாலேயே. குண்டு தானாக எழும்புவதில்லை. நாமே அதனை மேல்நோக்கிச் செலுத்துகிறோம். குறியை நூறு யாருக்குச் சரிசெய்த துவக்கால் இருநூறு யாரிற் சுட்டால், குண்டு ஆறேழு அங்குலம் தாழ்ந்து படும். முந்நூறு யாரில் இரண்டடி வரை தாழும். பட்டாளத்து றைபிள்களிற் பின்குறியை உயர்த்துவதற்குத் தூர எண்கள் பொறித்த தகடு உண்டு. வேடனோ பெரும்பாலும் தன் கண்ணால் மதித்தே குறியை உயர்த்தினான்.

புள்ளிமானின் தோள் உயரம் மூன்றடிக்குச் சற்றுக் குறைவு. உடனே உயிர் போகும்படியான நெஞ்சுப்பகுதியோ எட்டு அங்குல வட்டமே. அதன் நடுவிற் குறிவைத்த குண்டு ஏழு அங்குலம் தாழ்ந்தால் நெஞ்சைத் தப்பி முன்னங்காலை முறிக்கும். குறியை அளவுக்கு மீறி உயர்த்தினாலோ முதுகைக் கிழிக்கும். இரண்டிலும் மான் விழாது. பற்றைக்குள் ஓடி மறைந்து, நாட்கணக்கில் வேதனையுற்றுச் சாகும். குறியை எவ்வளவு உயர்த்துவது என்று ஆராய்வதிலும், கிட்டப்போக இயலாவிடிற் சுடாமல் விடுவதே நல்ல வேடனுக்கு அழகென்பது என் எண்ணம்.

ஏனெனில், தூரத்தை மதிப்பது குடாநாட்டுக்காரரின் கண்ணுக்கு எளிதன்று. ஆனையிறவின் உப்பு வெளியிலும் கடனீரேரிக் கரையிலும், இடையே கண்ணைத் தடுக்கும் பொருள் ஒன்றுமில்லாமையால், தூரத்துப் பொருள் அண்மையில் நிற்பதுபோலத் தோன்றும். இருபுறமும் கிடுகு வேலி அடைத்த ஒழுங்கையிலோ, காட்டு நிழலிலோ, அதே தூரம் கூடுதலாகத் தோன்றும். வேலியும் பனையும் நிறைந்த ஊரிற் பழகிய கண், வெட்டவெளியில் முந்நூறு யாரை இருநூறாக மதித்துவிடக் கூடும். மேலே சொன்ன கணக்கில் அந்த நூறு யார்ப் பிழை ஒன்றரை அடி. நண்பகல் வெயிலில் தரையிலிருந்து எழும் கானல், குறியையே ஆடச்செய்து மேலும் குழப்பும்.

காற்றும் உண்டு. சோளகம் வீசும் நாட்களில் அதற்குக் குறுக்கே சுட்டால், மணிக்குப் பத்து மைல் வேகமே போதும். இருநூறு யாரிற் குண்டு நான்கைந்து அங்குலம் ஒதுங்கிவிடும். வேடன் நிற்குமிடத்து இலை அசையவில்லை என்பதால் மான் நிற்குமிடத்தும் காற்றில்லை என்று கொள்வதற்கில்லை. தைப்பொங்கற் காலத்திற் பட்டம் ஏற்றிய சிறுவர்க்கு இது தெரியும்.

பரண்மேலிருந்து கீழே சுடும்போது கணக்கு மாறும். குண்டின் வீழ்ச்சிக்குக் காரணமாவது சாய்வான தூரமன்று. நிலமட்டத்தில் அளந்த கிடைத்தூரமே. அது குறைவாதலால் குறியை உயர்த்துவதும் குறையவேண்டும். நீர்நிலையருகே பரணமைத்தவர் கிட்டத்திற் சுட்டமையால், இவ்வேறுபாடு அவரைப் பெரிதும் வருத்தவில்லை.

தவறிய குண்டு எங்கே போகிறது? மலைநாட்டில் எதிரேயுள்ள சரிவு அதனைத் தாங்கிக்கொள்ளும். குடாநாட்டிலோ மலை கிடையாது. கீரிமலை பெயரளவில் மட்டுமே மலை. மானின் முதுகுக்கு மேலே குறிவைத்துத் தவறிய றைபிள் குண்டு, சமதரையின் மேலாகச் சென்று ஒரு மைலுக்கு அப்பாலும் ஆளைக் கொல்லும் வலுவுடையது. குடாநாட்டில் ஒரு மைலுக்குள் குடிமனையோ, தோட்டத்தில் நீரிறைப்பவரோ, களப்பில் இறால் பிடிப்பவரோ இல்லாத திசை அரிது.