துளை பொருந்தினால் போதுமா?

தானா ராத்தா கடைத்தெருவில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். கோஸ் கூடைகளோ உரமூட்டைகளோ ஏற்றிய பழைய லேண்ட்ரோவர் ஒன்றாவது உங்களைக் கடந்து போகும். அவற்றில் சில உங்கள் அப்பாவைவிட வயதில் மூத்தவை. கேமரன் மலைக்குச் சுற்றுலா வந்தவர்கள் பிரிஞ்சாங் மலையின் பாசிக்காட்டுக்கு அதில் குலுங்கிக் குலுங்கிப் போயிருப்பீர்கள்.

இந்த மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929-இல் தொடங்கியது; பாரத் தோட்டம் 1933-இல். தேயிலை, காய்கறி இரண்டுமே சரிவில் வளர்பவை. மழை பெய்தால் தோட்டப் பாதை சேறாகிவிடும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு இங்கே மதிப்பு வந்தது அதனால்தான். லேண்ட்ரோவர் 1948-இல் அறிமுகமானபோது பிரிட்டனில் எஃகுத் தட்டுப்பாடு இருந்தது. அதனால் உடலை அலுமினியக் கலப்பு உலோகத்தில் செய்தார்கள். அந்தத் தட்டுப்பாட்டின் புண்ணியத்தால் வண்டியின் உடல் எளிதில் துருப்பிடிக்காமல் இன்றும் ஓடுகிறது. ஆனால் உள்ளே இருக்கும் சின்னச் சின்ன மின்பாகங்களுக்கு அந்த ஆயுள் இல்லை. அப்படி ஒரு பாகத்தின் கதை இது.

என் உறவினர் ஒருவரிடம் 1970-களில் வந்த லேண்ட்ரோவர் பிக்கப் ஒன்று இருக்கிறது. பெட்ரோல் வண்டி. அதன் எண்ணெய் மீட்டர் செத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. எப்போதும் முள் காலியிலேயே படுத்திருக்கும். அவர் கிலோமீட்டர் எண்ணித்தான் ஓட்டுவார். பிறகு ஒருநாள் கடையில் புதிய ஃபியூல் சென்டர் ஒன்றை வாங்கி மாட்டினார். பட்டறைகளில் இதை ‘பெலாம்புங்’ என்பார்கள். நாம் மிதவைக் கருவி என்று சொல்வோம். திருகுத் துளைகள் பொருந்தின. வயர் முனையும் பொருந்தியது. டாங்கியை நிரப்பினார். முள் காலியை விட்டுக் கொஞ்சம்தான் நகர்ந்தது. “பழைய மீட்டர், இனி இது தேறாது” என்று விட்டுவிட்டார்.

சில நாள் கழித்து அவருடைய மகன் வண்டியை எடுத்தான். முள் நிறைவுக் கோட்டையும் தாண்டி நின்றது. அப்பா நிரப்பி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு காய்கறியோடு தாப்பாவுக்கு இறங்கினான். இறக்கத்தில் எண்ணெய் அதிகம் செலவாகாதே! திரும்பி ஏறும்போது, லாத்தா இஸ்கண்டாருக்கு மேலே ஒரு வளைவில், இருட்டில், பனிமூட்டத்தில் என்ஜின் நின்றுவிட்டது. டாங்கியில் ஒரு சொட்டு இல்லை. முள் அப்போதும் நிறைவுக்கு மேலேதான் நின்றது. பின்னால் ஒரு லோரி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

மீட்டர் ஏன் தலைகீழாகப் பேசியது? மேலே படிப்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

மீட்டருக்கு எண்ணெயைப் பற்றி எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் தன் வழியே ஓடும் மின்னோட்டம் மட்டுமே. டாங்கிக்குள் ஒரு மிதவை, அதைத் தாங்கும் ஒரு கம்பிக் கை. கை மேலும் கீழும் போகும்போது அதன் மறுமுனை, மெல்லிய மின்தடைக் கம்பி சுற்றிய ஓர் அட்டையின்மேல் வழுக்கிச் செல்லும். ஆய்வுக்கூடத்தில் நீங்கள் பார்த்த ரியோஸ்டாட்தான் இது, கொஞ்சம் சின்னது. எண்ணெய் மட்டம் மாறினால் மின்தடை மாறும். பள்ளியில் ‘ரிந்தாங்கான்’ என்று படிக்கிறீர்களே, அதேதான். மின்தடை மாறினால் மின்னோட்டம் மாறும்.

அந்தக் கால ஸ்மித்ஸ் மீட்டருக்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு ஒன்று இருக்கும். அதைச் சுற்றி வெப்பமூட்டும் கம்பி. மின்னோட்டம் கூடினால் தகடு சூடாகி வளையும், முள் நிறைவை நோக்கி நகரும். சூடாகவும் ஆறவும் நேரம் பிடிக்கும் என்பதால் வளைவில் எண்ணெய் அலைந்தாலும் முள் துள்ளாது. தாப்பா சாலைக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது, இல்லையா? பேட்டரியின் வோல்ட்டேஜ் 12-க்கும் 14-க்கும் இடையே ஏறி இறங்கும். அது முள்ளைக் கெடுக்காமலிருக்க, மீட்டருக்கு முன்னால் சராசரி 10 வோல்ட் தரும் நிலைப்படுத்தி ஒன்றையும் வைத்திருப்பார்கள்.

இப்போது ஹுக்கும் ஓம். மீட்டர் கம்பியின் மின்தடையை 60 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இந்த வகை மீட்டருக்கான மிதவைக் கருவி டாங்கி காலியாக இருக்கும்போது ஏறக்குறைய 240 ஓம், நிறைந்தால் ஏறக்குறைய 20 ஓம் காட்டும். காலியில் மொத்தம் 300 ஓம்; 10-ஐ 300-ஆல் வகுத்தால் 33 மில்லியாம்பியர். நிறைவில் மொத்தம் 80 ஓம், 125 மில்லியாம்பியர். ஆக, 33 என்றால் காலி, 125 என்றால் நிறைவு. மீட்டருக்குத் தெரிந்த மொழி இவ்வளவுதான்.

உறவினர் வாங்கிய கருவியைக் கழற்றி, நன்றாகக் காயவைத்து, பள்ளி ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளை அதில் வைத்துவிட்டுக் கையை அசைத்துப் பார்த்தோம். கீழே 10 ஓம். மேலே 180 ஓம். ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் வரும் விடிஓ வகையின் அளவு அது. கணக்கில் போட்டுப் பாருங்கள். காலியில் 10-ஐ 70-ஆல் வகுத்தால் 143 மில்லியாம்பியர், அதாவது நிறைவையும் தாண்டிய அளவு! முழு டாங்கியில் 10-ஐ 240-ஆல் வகுத்தால் 42. காலிக்குச் சற்று மேலே. மீட்டர் பழுதாகவே இல்லை. தனக்குச் சொன்னதை அது சரியாகவே காட்டியிருக்கிறது.

பழைய வண்டிக்குப் பாகம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் துளையையும் வடிவத்தையும்தான் ஒப்பிடுவார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: காலியில் எத்தனை ஓம், நிறைவில் எத்தனை ஓம்? உலகத்தில் இதற்கு ஒரே அளவு கிடையாது. அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகள் பலவற்றில் காலி 0, நிறைவு 90. பழைய ஃபோர்டு வண்டிகளில் காலி 73, நிறைவு ஏறக்குறைய 10. தனியாக விற்கும் பொது வகை மீட்டர்கள் பலவற்றில் காலி 240, நிறைவு 33. லேண்ட்ரோவரிலேயே நிலைப்படுத்தி இல்லாத தொடக்ககால வண்டிகளில் மீட்டரும் வேறு, திசையும் வேறு. அவற்றில் மின்தடை குறைந்தால் காலி என்று பொருள். எனவே “லேண்ட்ரோவருக்கு ஒன்று கொடுங்கள்” என்று கடையில் கேட்டால் போதாது. எந்த ஆண்டு வண்டி, பெட்ரோலா டீசலா, டாங்கி இருக்கைக்கு அடியிலா பின்னாலா, நிலைப்படுத்தி உண்டா என்று நான்கையும் சொல்ல வேண்டும். கையில் ஒரு மல்டிமீட்டரும் இருந்தால் நல்லது.

சரியான கருவி கிடைக்கவில்லை என்றால்? 240–33 வகையைச் சோதித்துப் பார்ப்போம். காலியில் அதே 33 மில்லியாம்பியர். நிறைவில் 10-ஐ 93-ஆல் வகுத்தால் 108. முழு டாங்கியை ‘முக்காலுக்குச் சற்று மேல்’ என்று காட்டும். குறைதான், ஆனால் ஆபத்தில்லாத குறை. காலியை அது காலி என்றே சொல்கிறது.

என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: “சார், பக்க இணைப்பில் ஒரு மின்தடை சேர்த்து 33-ஐ 20 ஆக்கிவிடலாமே?” நல்ல கேள்வி. 51 ஓம் சேர்த்தால் நிறைவு சரியாகிவிடும். ஆனால் அந்த 51 ஓம் காலியிலும் அங்கேயேதானே இருக்கும்? 240-உடன் பக்க இணைப்பில் அது 42 ஓம் ஆகிவிடும். மின்னோட்டம் 98 மில்லியாம்பியர். காலி டாங்கியில் முள் ஏறக்குறைய முக்கால் காட்டும்; மறுபடியும் அதே வளைவில் நிற்க வேண்டியதுதான். அவளே கணக்கைப் போட்டுவிட்டு, “வேண்டாம் சார்” என்றாள்.

இன்னொரு விஷயம். பாதி டாங்கிக்கு எத்தனை ஓம் வேண்டும்? 240-க்கும் 20-க்கும் நடுவே 130 என்று சொல்லத் தோன்றும். 130 ஓமில் 53 மில்லியாம்பியர்தான் ஓடும். முள் கால் பங்கைக்கூட எட்டாது. முள் நடுவில் நிற்க 79 மில்லியாம்பியர் வேண்டும், அதற்குக் கருவி ஏறக்குறைய 67 ஓம் காட்ட வேண்டும். மின்னோட்டம் மின்தடைக்குத் தலைகீழ் விகிதம் என்பதால் வரும் வளைவு இது. கம்பி சுற்றும் அட்டையைப் பல கருவிகளில் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுக்கமாகவும் வெட்டியிருப்பது இதற்காகத்தான்.

புதிய கருவி வாங்குமுன் பழையது உண்மையிலேயே கெட்டதா என்று பார்க்க வேண்டாமா? கருவியின் வயரைக் கழற்றினால் மின்னோட்டம் நின்றுவிடும், முள் காலிக்கு இறங்க வேண்டும். அந்த வயரை ஒரு கணம் மட்டும் வண்டியின் உலோகச் சட்டத்தில் தொட்டால் முள் நிறைவை நோக்கி ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டர் நலம், கோளாறு கருவியில் அல்லது அதன் எர்த் இணைப்பில். நீண்ட நேரம் தொட்டு வைத்தால் மீட்டரின் கம்பி அளவுக்கு மீறிச் சூடாகும். எண்ணெய் மீட்டரும் வெப்ப மீட்டரும் ஒன்றாகத் தப்புக் காட்டினால் இரண்டுக்கும் பொதுவான நிலைப்படுத்தியைச் சந்தேகியுங்கள். எர்த்தையும் மறக்கக் கூடாது. அலுமினியமும் எஃகும் தொடும் இடத்தில் ஈரம் பட்டால் அரிப்பு தொடங்கும். கேமரன் மலையில் ஈரத்துக்கா பஞ்சம்? அங்கே 20 ஓம் கூடுதலாக ஏறினாலே முழு டாங்கி முக்கால் என்று தெரியும்.

மிதவையும் ஏமாற்றும். பித்தளை மிதவையில் ஊசித்துளை விழுந்தால் பெட்ரோல் உள்ளே புகுந்து மிதவை மூழ்கிவிடும். வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்து “மிதக்கிறதே” என்று விட்டுவிடாதீர்கள். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் பெட்ரோலின் அடர்த்தி ஏறக்குறைய 0.74. தண்ணீரில் மிதப்பது பெட்ரோலில் மூழ்கலாம். அதைவிட நல்ல சோதனை, மிதவையைச் சுடுநீரில் அமுக்கிப் பிடிப்பது. உள்ளே இருக்கும் காற்று விரிந்து, துளை இருந்தால் குமிழி கிளம்பும். அந்தத் துளையை நெருப்புக் காட்டி ஈயம் வைத்து அடைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. உள்ளே பெட்ரோல் ஆவி இருந்தால் மிதவை கையிலேயே வெடிக்கும். செய்யவே கூடாது.

உறவினரின் பழைய கருவியில் மிதவை நன்றாகத்தான் இருந்தது. கம்பிதான் ஓரிடத்தில் தேய்ந்து அறுந்திருந்தது.

டாங்கியைத் திறப்பது உங்கள் வேலை அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் ஆவி காற்றில் ஏறக்குறைய 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை இருந்தால்தான் தீப்பிடிக்கும். மூடிய டாங்கிக்குள் ஆவி பெரும்பாலும் அதைவிட அடர்த்தியாக இருப்பதால் எரியாது. கருவியில் ஓடும் மின்னோட்டமும் மிகச் சிறியது. ஆனால் மூடியைத் திறந்ததும் ஆவி வெளிக்காற்றோடு கலந்து சரியாக அந்த எல்லைக்குள் வந்துவிடுகிறது. அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, திறந்த வெளியில், ஃபோர்மேன் செய்யட்டும். கழற்றிக் காய்ந்த கருவியை மேசையில் வைத்து அளப்பது உங்கள் பங்கு.

சரியான 240–20 கருவி ஈப்போவில் பழைய பாகங்கள் விற்கும் ஒரு கடையில் கிடைத்தது. வாங்குமுன் உறவினரே கடை வாசலில் நின்று மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தாராம். கடைக்காரர் வேடிக்கை பார்த்தாராம். மாட்டியபின் காலி டாங்கியில் ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் காத்திருந்து, முள் நின்ற இடத்தை ஒரு தாளில் குறித்தோம். இருக்கைக்கு அடியில் இருக்கும் அந்த டாங்கி 45 லிட்டர் பிடிக்கும். முதல் ஐந்து லிட்டருக்கு முள் அசையவில்லை. மிதவை டாங்கியின் அடியைத் தொடாததால் அப்படி. அந்தத் தாள் இப்போது வண்டியின் கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருக்கிறது. மகன் வண்டியை எடுக்கும்போது முள்ளையும் பார்க்கிறான், தாளையும் பார்க்கிறான். உறவினர் இன்னமும் கிலோமீட்டர் எண்ணுகிறார்.