முடங்கிய வங்கிக் கணக்கு: சபுராளி குடும்பங்கள் அறிய வேண்டியவை

ரியாதில் வேலை பார்க்கும் நமதூர் சகோதரர் ஒருவரின் வங்கிக் கணக்கு ரமலானுக்குச் சில நாட்கள் முன்பு முடங்கியது. அனுப்பும் பணம் கணக்கில் ஏறுகிறது, எடுக்கத்தான் முடியவில்லை. ஊரில் உம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தால் "பதிவு செய்த எண்ணிலிருந்து பேசுங்கள்" என்றார்கள். அந்த இந்திய எண் ரீசார்ஜ் செய்யாமல் எப்போதோ போய்விட்டது. எண்ணை மாற்றலாம் என்றால் பழைய எண்ணுக்கு வரும் ஓடிபியைச் சொல்ல வேண்டுமாம். மனைவி கிளைக்கு நடையாய் நடந்தார். "கணக்குதாரர் நேரில் வரட்டும்" என்ற ஒரே பதில்தான். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை.

இதில் வங்கி பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பணமோசடித் தடுப்புச் சட்டம் 2002-இன்படி ஒவ்வொரு வங்கியும் தன் வாடிக்கையாளர் யார் என்பதை அவ்வப்போது உறுதி செய்ய வேண்டும். அதுதான் கேஒய்சி. ஆபத்து குறைந்த கணக்கு என்றால் 10 ஆண்டுக்கு ஒருமுறை, நடுத்தரம் என்றால் 8, அதிகம் என்றால் 2 ஆண்டு. கமிஷனுக்கு ஆசைப்பட்டுத் தங்கள் கணக்கை மோசடிக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவோர் பெருகியதால் சோதனை மேலும் இறுகிவிட்டது. சோதனை செய்யட்டும்; ஆனால் நேர்மையான மனிதருக்கு வெளியே வர வழியே இல்லாமல் அதை அமைத்திருப்பதைத்தான் நாம் குறை சொல்கிறோம்.

பல வங்கி ஊழியர்களே சொல்லாத ஒன்று உண்டு. முகவரி, பெயர் எதுவும் மாறவில்லை என்றால், "மாற்றம் ஏதுமில்லை" என்ற சுய அறிவிப்பு போதும் என்கிறது ரிசர்வ் வங்கியின் விதி. பதிவு செய்த மின்னஞ்சல், மொபைல், கடிதம் ஆகிய வழிகளில் அதை அனுப்பலாம். வெளிநாட்டில் இருப்பவர் ஆவண நகல் கொடுக்க வேண்டி வந்தால் இந்தியத் தூதரகம் அல்லது துணைத் தூதரகம், அந்நாட்டு நோட்டரி, நீதிபதி, இந்திய வங்கிகளின் வெளிநாட்டுக் கிளை அதிகாரி ஆகியோரில் ஒருவர் சான்றளித்தால் ஏற்கப்படும். அதற்காக விடுப்பெடுத்து, டிக்கெட் போட்டு ஊர் வர வேண்டியதில்லை.

நம் வீடுகளில் சிக்கல் பெரும்பாலும் பெயரில்தான் தொடங்குகிறது. பாஸ்போர்ட்டில் வாப்பாவின் பெயர் முழுதாக இருக்கும், ஆதாரில் இனிஷியல் மட்டும் இருக்கும். முஹம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதியிருக்கிறோம் என்று வீட்டு ஆவணங்களை எடுத்துப் பார்த்தாலே தெரியும். கணினிக்கு அவர்கள் எல்லாம் வெவ்வேறு ஆட்கள்! விடுமுறையில் ஊர் வரும்போது முதலில் இதைச் சரிசெய்து கொள்ளுங்கள்.

அடுத்தது சிம். 90 நாட்கள் எந்தப் பயன்பாடும் இல்லாத எண்ணை நிறுவனம் துண்டிக்கலாம். பிறகு அது வேறு ஒருவருக்குப் போய்விடும். உங்கள் ஓடிபி முன்பின் தெரியாதவர் கைக்குப் போகிறது என்று அர்த்தம். என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளில் வெளிநாட்டு எண்ணையே பதியப் பல வங்கிகள் அனுமதிக்கின்றன. சவூதி, அமீரகம், கத்தார், ஓமன், சிங்கப்பூர் உள்ளிட்ட நாடுகளின் எண்களில் யுபிஐ பயன்படுத்தவும் 2023-இல் வழி திறக்கப்பட்டது. வெளிநாடு போய்ப் பல ஆண்டுகள் ஆகியும் சாதாரண சேமிப்புக் கணக்கையே வைத்திருப்பவர்கள் நம்மில் ஏராளம். அதை என்ஆர்ஓ கணக்காக மாற்றுவது சட்டப்படி கட்டாயம். என்ஆர்இ கணக்கை ஊரில் உள்ள மனைவியோ பெற்றோரோ உள்ளூர்ச் செலவுகளுக்கு இயக்க, பவர் ஆஃப் அட்டர்னி கொடுத்து வைக்கலாம்.

அப்படியும் வங்கி அசையவில்லையா? தொலைபேசியில் வாதாடிப் பயனில்லை, எழுத்தில் புகார் கொடுத்துப் புகார் எண்ணை வாங்கிக் கொள்ளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியே செல்லலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

இந்த அவசரத்தில் கூகுளில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' எண்ணை அழைத்துவிடாதீர்கள். பாஸ்புக்கிலோ ஏடிஎம் கார்டின் பின்புறமோ உள்ள எண்ணே சரியானது. "கேஒய்சி முடிந்துவிட்டது, இந்த ஆப்பை இறக்குங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வருவது திருட்டு. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

ரியாத் சகோதரர் தூதரகச் சான்றுடன் நகல்களை கூரியரில் அனுப்பினார். அதையும் கிளையில் முதலில் வாங்க மறுத்தார்கள். எழுத்தில் புகார் கொடுத்த பிறகுதான் வாங்கிக் கொண்டார்கள். கணக்கு திறந்தபோது பெருநாள் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அதுவரை டயாலிசிஸ் செலவு அக்கம்பக்கத்தார் கொடுத்த கைமாற்றில் ஓடியது. இப்போது அவர் பதிந்திருப்பது சவூதி எண்.