சோனிக்கின் காணாமல் போன லெவல்

1992 நவம்பரில் சேகா நிறுவனம் வெளியிட்ட ‘சோனிக் தி ஹெட்ஜ்ஹாக் 2’ வீடியோ கேமின் ஆப்ஷன்ஸ் திரையில் ‘சவுண்ட் டெஸ்ட்’ என்று ஒரு வரி உண்டு. எண்களை மாற்றிக்கொண்டே போனால் கேமில் வரும் இசையை ஒவ்வொன்றாகக் கேட்கலாம். 10 என்ற எண்ணில் ஒரு மெட்டு ஒலிக்கும். கேமை முதலிலிருந்து கடைசிவரை முடித்தவர்கள்கூட அதை வேறெங்கும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கேம் கடைக்கு வருவதற்கு முன்பே பத்திரிகைகளில் சில படங்கள் வந்திருந்தன. அவற்றில் ஒன்றில், ஒளிரும் கற்கள் பதித்த குகைக்குள் சோனிக் நின்றுகொண்டிருந்தது. ‘ஹிடன் பேலஸ்’ என்ற அந்த லெவல் விற்பனைக்கு வந்த கேமில் இல்லை. மெட்டு அனாதையாக நிற்கிறது, படத்தில் பார்த்த குகையைக் காணவில்லை. ரசிகர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். தேடல் தொடங்கிவிட்டது.

சோனிக்கை உருவாக்கிய குழுவின் முக்கியப் புரோகிராமரான யூஜி நாகா பின்னாளில் தந்த விளக்கம் எளிமையானது: இடம் போதவில்லை. அந்த கேமின் காட்ரிட்ஜ் மொத்தமே 1 மெகாபைட். இன்று ஃபோனில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் அதைவிடப் பெரிது. கேமில் தேடிச் சேகரிக்க வேண்டிய ஏழு மரகதங்களையும் சேர்த்தவர்களுக்குப் பரிசாக அந்த மாளிகையைத் திறந்துவிட நினைத்திருக்கிறார்கள். கடைசி நேரத்தில் கத்திரி விழுந்தது.

1999 வாக்கில் சைமன் வாய் என்ற ரசிகர், இணையத்தின் ஒரு மூலையில் அந்த கேமின் முழுமையடையாத முன்வடிவம் ஒன்றைக் கண்டெடுத்தார். நியூயார்க்கில் நடந்த ஒரு கண்காட்சியில் திருடுபோன காட்ரிட்ஜிலிருந்து அது வெளியே கசிந்திருக்கலாம் என்பது பரவலான கருத்து. உள்ளே ஹிடன் பேலஸ் இருந்தது. பச்சை மரகதம், டைனோசர் போன்ற எதிரிகள், ஓடும் நீர் எல்லாம் இருந்தன. ஆனால் லெவல் பாதியில் நின்றுபோனது. பல வருடம் கனவில் வளர்ந்த அரண்மனை, நேரில் பார்த்தால் அரைகுறைக் கட்டுமானம். சிலருக்கு இது ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். உண்மையில் சுவாரசியம் அங்கேதான் தொடங்குகிறது. முடிந்துபோன கேமில் உழைப்பின் சுவடு தெரியாது. பாதியில் நின்றதில் எதை முதலில் செய்தார்கள், எதைத் தள்ளிப்போட்டார்கள், எங்கே கைவிட்டார்கள் என்று எல்லாமே தெரியும்.

சினிமாவில் எடிட்டர் வெட்டிய காட்சி தியேட்டருக்கு வரும் பிரதியில் இருக்காது. கேம்களில் அப்படி இல்லை. வெட்டியதும் பெரும்பாலும் கூடவே வீட்டுக்கு வந்துவிடும். ஆயிரக்கணக்கான கோப்புகளும் கட்டளைகளும் ஒன்றையொன்று சார்ந்திருப்பதால், ஒன்றை உருவினால் சம்பந்தமே இல்லாத இன்னொரு இடத்தில் கேம் நின்றுவிடக்கூடும். வெளியீட்டுத் தேதி நெருங்கும்போது அந்த வம்பை யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள். பயன்படாத அறையை இடிக்காமல் பூட்டிப் போடுவது போல, அங்கே போகும் வழியை மட்டும் அடைத்துவிடுவார்கள்.

பூட்டு சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2005இல் ராக்ஸ்டார் நிறுவனம் பட்டுத் தெரிந்துகொண்டது. ‘ஜிடிஏ: சான் ஆண்ட்ரியாஸ்’ கேமில் கைவிடப்பட்ட ஒரு படுக்கையறைக் காட்சி அழிக்கப்படாமல் முடக்கி மட்டும் வைக்கப்பட்டிருந்தது. கேம்களை மாற்றியமைக்கும் நெதர்லாந்து ரசிகர் ஒருவர் அதைத் திறந்து ‘ஹாட் காஃபி’ என்ற பெயரில் வெளியிட்டார். இது வெளியாட்களின் கைவேலை என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்கிலும் அதே காட்சி இருந்தது தெரிந்ததும் அந்த வாதம் எடுபடவில்லை. அமெரிக்கத் தரமதிப்பீட்டு அமைப்பு கேமை ‘வயதுவந்தோர் மட்டும்’ பிரிவுக்கு மாற்றியது, பெரிய கடைகள் அலமாரியிலிருந்து எடுத்தன. தாய் நிறுவனமான டேக்-டூவுக்கு 2 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

இதைவிட வேடிக்கையானது ‘டைகர் வுட்ஸ் 99’ கோல்ஃப் கேம். அதன் பிளேஸ்டேஷன் டிஸ்க்கில் இடத்தை நிரப்ப யாரோ ஒரு கோப்பு வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்தால், ‘சவுத் பார்க்’ தொடருக்கு முன்னோடியான, வசைமொழி நிரம்பிய ஒரு கார்ட்டூன் குறும்படம்! கோல்ஃப் பிரியர்களுக்கு விற்ற சுமார் 1 லட்சம் பிரதிகளை 1999 ஜனவரியில் இ.ஏ. நிறுவனம் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

எதிர்த்திசையிலும் ஒரு கதை உண்டு. 1996இல் ஜப்பானில் வெளிவந்த முதல் போகிமான் கேம்கள் முடியும் தறுவாயில், சோதனைக்கான கருவிகளை நீக்கியதும் காட்ரிட்ஜில் ஏறத்தாழ 300 பைட் காலியானது. இனி எதையும் தொடக் கூடாது என்ற கட்டத்தில், புரோகிராமர் ஷிகேகி மோரிமோட்டோ அந்த இண்டு இடுக்கில் மியூ என்ற போகிமானைச் செருகிவிட்டார். அது ஆட்டக்காரர்களின் கைக்கு வரும் உத்தேசமே இல்லை. எதிர்பாராத ஒரு பிழையால் சிலருக்குத் தென்பட, வதந்தி பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பரவியது. கோரோகோரோ பத்திரிகை மூலம் 20 பேருக்கு மியூ தருவதாக அறிவிப்பு வந்ததும் விண்ணப்பங்கள் குவிந்தன. ஒளித்துவைத்த சரக்கே பெரிய விளம்பரமாகிவிட்டது.

சைமன் வாய் கண்டெடுத்தது போன்ற முன்வடிவங்களைப் பாதுகாப்பது எளிதல்ல. பழைய சோதனை காட்ரிட்ஜ்களில் இருப்பது ஈப்ராம் என்ற வகைச் சிப். அதன் நடுவே சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். புற ஊதா ஒளி அதன் வழியே பட்டால் உள்ளே எழுதியது அழிந்துவிடும், அதனால் மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். ஸ்டிக்கர் உரியாமல் இருந்தாலும் பல பத்தாண்டுகளில் தரவு தானாகவே மங்கக்கூடும். நிறுவனங்கள் பலவும் இவற்றைச் சேமிப்பதில் அக்கறை காட்டவில்லை. பழைய ஊழியரின் பரணிலோ, மூடிய பத்திரிகை அலுவலகத்தின் பெட்டியிலோ கிடைத்தால்தான் உண்டு. பணக்காரச் சேகரிப்பாளர் அதை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டால் அதுவும் போச்சு. கசிவுகளும் திருட்டுகளும் இந்த வரலாற்றில் இவ்வளவு இடம் பிடித்திருப்பது பெருமைக்குரியது அல்ல, ஆனால் அவை இல்லாவிட்டால் பல விஷயங்கள் தெரிந்தே இருக்காது.

சில நேரம் நிறுவனங்களே மனம் மாறுகின்றன. 2013இல் சோனிக் 2 மொபைலுக்கு வந்தபோது, ரசிகர் வட்டத்திலிருந்து வந்த கிறிஸ்டியன் வைட்ஹெட், சைமன் தாம்லி இருவரும் ஹிடன் பேலஸை முழுதாக முடித்துச் சேர்த்தார்கள். பழைய கேமில் விழுந்தால் மீளவே முடியாத முள் குழி ஒன்று உண்டு. வழியை அந்தக் குழிக்குள்ளேயே வைத்தது அவர்களின் குறும்பு.

நிண்டெண்டோ இன்னும் தாமதம். ‘ஸ்டார் ஃபாக்ஸ் 2’ கேமின் வேலை 1995இலேயே முடிந்திருந்தும், புதிய இயந்திரம் வரப்போகிறது என்று அதை ஓரங்கட்டியது. 22 வருடம் கழித்து, 2017 செப்டம்பரில், எஸ்.என்.இ.எஸ். கிளாசிக் என்ற குட்டி இயந்திரத்தில் அதை அதிகாரபூர்வமாக வெளியிட்டது. ஆனால் வாங்கியதும் ஆடிவிட முடியாது. முதல் ஸ்டார் ஃபாக்ஸின் முதல் லெவலை முடித்துக் காட்டினால்தான் அது திறக்கும்.